தன்வழி நின்ற திரைக்கலைஞர்

நுழையும்முன்

திரைப்படம் பலர் கூடி உருவாக்கும் கலை. பெரும்பொருள் வேண்டும் தொழில். அரசின் தணிக்கைக்கு உட்பட்ட ஊடகம். இம்மூன்றுக்கும் நடுவே நின்று தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் சொல்ல முனையும் இயக்குநர், அதற்கு உரிய விலையையும் கொடுக்க நேரிடுகிறது. காவிரிப் படுகையில் பிறந்து, தமிழ்ப் பேசும்படத்தின் இளம்பருவத்திலேயே அவ்விலையைக் கொடுத்தவர் கே. சுப்பிரமணியம். ஊர் அவரை விலக்கியது. அரசு அவருடைய படத்தைத் தடைசெய்தது. எனினும் அவர் எடுத்த படங்கள் தமிழ்த் திரையின் போக்கை மாற்றின. அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தன்வழி என்பது யாது?

பிறரிடம் ஊதியம் பெற்று, பிறர் தேர்ந்தளித்த கதையை, பிறர் விரும்பும் வண்ணம் படமாக்குவது ஒருவகை. கதையைத் தாமே தேர்ந்து, பொருளைத் தாமே திரட்டி, நன்மை தீமைகளைத் தாமே ஏற்றுப் படமாக்குவது மற்றொரு வகை. இரண்டாம் வகையினரை இன்று தற்சார்பு இயக்குநர் என்கிறோம். இச்சொல் வழக்கிற்கு வருவதற்கு முன்னரே இம்முறையில் இயங்கியவர் உண்டு.

தமிழின் முதல் பேசும்படமெனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. அது பம்பாயில் எடுக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து சில ஆண்டுகள் தமிழ்ப் படங்கள் பலவும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்றே உருவாயின. ஒலிப்பதிவுக்கு உரிய படப்பிடிப்பு நிலையம் சென்னையில் 1934இல்தான் அமைந்தது. நாடக மேடையில் ஏற்கெனவே புகழ்பெற்ற புராணக் கதைகளுக்கே முதலீட்டாளர் பொருள் தந்தனர். மக்கள் அறிந்த கதை, மக்கள் அறிந்த பாட்டு என்றால் இட்ட பொருளுக்கு இழப்பு நேராது என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கை மாற்றி எழுதியவருள் சுப்பிரமணியம் முன்வரிசையில் நிற்பவர்.

வண்டல் நிலமும் வாழ்வும்

கே. சுப்பிரமணியம் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையே, குடமுருட்டி முதலிய காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் அது.

படுகை நிலத்தின் வளம் உலகறிந்தது. அவ்வளத்தைப் பகிர்ந்துகொண்ட முறையோ வேறு. நிலம் மிராசுதாரரிடம் இருந்தது. உழைப்பு பண்ணையாட்களிடம் இருந்தது. அக்கிரகாரம் ஒருபுறமும், குடியானவர் தெருக்கள் ஒருபுறமும், சேரி ஊருக்கு வெளியே வயல்களின் நடுவிலும் இருந்தன. நாற்று நட்டவர் கைகளுக்குக் கோயில் வாயில் திறக்கவில்லை. கணவனை இழந்த பெண்கள் மங்கலத்திற்கு ஆகாதவராய் வீட்டின் ஓர் அறைக்குள் ஒடுங்கினர். வரதட்சிணை கொடுக்க இயலாத வீட்டுப் பெண், தந்தை வயதுடையவருக்கு வாழ்க்கைப்பட நேர்ந்தது.

அதே மண்ணில் கலையும் செழித்திருந்தது. மாற்றத்தின் குரலும் எழுந்திருந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் படை, தஞ்சை மாவட்டத்தின் ஊர்கள் வழியாகவே வேதாரண்யம் சென்றது. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ தரக்கூடாதென்று மாவட்ட ஆட்சியர் எச்சரித்தார். மக்களோ அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அவர்களுக்கு மறைமுகமாக உணவளித்தனர். பின்னாளில் சுப்பிரமணியம் திரையில் காட்டிய ஒடுக்குமுறை, இரக்கம், எதிர்ப்பு ஆகிய மூன்றும் இந்நிலத்தில் கண்ணெதிரே நிகழ்ந்தவையே.

வழக்குமன்றத்திலிருந்து திரைக்கு

சட்டம் பயின்று வழக்கறிஞராகப் பணியாற்றிய சுப்பிரமணியம், மௌனப் படக் காலத்திலேயே திரைத்துறையின்பால் ஈர்க்கப்பட்டார். அந்நாளில் சென்னையில் இயங்கிய அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்தில், இயக்குநரும் நடிகருமான ராஜா சாண்டோவின் படங்களுக்குத் திரைக்கதை எழுதித் தொழில் கற்றார். படித்தவர்கள் திரைப்படத்தை மதிப்புக்குரிய தொழிலாகக் கருதாத காலம் அது. சட்டம் படித்த ஒருவர் அத்துறையைத் தேர்ந்தது அன்று வியப்பிற்குரிய செயலாகும்.

அவர் இயக்கிய முதற்படம் ‘பவளக்கொடி’ 1934ஆம் ஆண்டு வெளிவந்தது. மேடையில் வெற்றிபெற்ற அந்நாடகத்தின் நாயகரான எம்.கே. தியாகராஜ பாகவதரும் நாயகியான எஸ்.டி. சுப்புலட்சுமியும் இப்படத்தின் வழியே திரைக்கு அறிமுகமாயினர். பாகவதரும் மயிலாடுதுறையில் பிறந்த காவிரிப்படுகைக்காரரே. சென்னை அடையாற்றில், திறந்தவெளியில், சூரிய ஒளியைக்கொண்டே இப்படம் எடுக்கப்பட்டது. மேகம் மறைத்தால் படப்பிடிப்பு நிற்கும். பேச்சும் பாட்டும் நடிக்கும்போதே பதிவானமையால், காக்கை கரைந்தாலும் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது.

‘பவளக்கொடி’யின் வெற்றி அவருக்குப் பெயரைத் தந்தது. அப்பெயரை முதலாகக்கொண்டு அவர் மெட்ராஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1936இல் வெளிவந்த ‘பக்த குசேலா’வில் எஸ்.டி. சுப்புலட்சுமி கண்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் இரு வேடங்களில் நடித்தார். பாபநாசம் சிவன் குசேலராகத் தோன்றினார். புராணப் படங்களால் கிடைத்த வருவாயும் நம்பிக்கையும், அடுத்து அவர் எடுக்க எண்ணிய படங்களுக்கு அடித்தளமாயின.

ஊர் விலக்கிய படம்

1937இல் ‘பாலயோகினி’ வெளிவந்தது. நாடக மேடையிலிருந்தோ புராணத்திலிருந்தோ பெறப்படாமல், சமகால வாழ்வை நோக்கி எழுதப்பட்ட கதை அது. கணவனை இழந்து, உறவினர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட உயர்சாதிப் பெண்ணொருத்தி, தாழ்ந்தவனென்று ஒதுக்கப்பட்ட பணியாளின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறாள். உறவு தராத மதிப்பை அவ்வீடு அவளுக்குத் தருகிறது. பெரியோர் அஞ்சிப் பேசாத நியாயத்தை ஒரு சிறுமி கேள்விகளாகக் கேட்கிறாள். அச்சிறுமியாக நடித்தவர் இயக்குநரின் தம்பி மகளான பேபி சரோஜா. அந்நாளில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்னும் பெயர் இடப்பட்டதாகக் கூறுவர்.

கைம்பெண் வேடத்தில் உண்மையிலேயே கணவனை இழந்த பிராமணப் பெண் ஒருவரைச் சுப்பிரமணியம் நடிக்கவைத்தார். கைம்பெண் திருமணப் பந்தலின் அருகே நிற்பதும் தவறெனக் கருதப்பட்ட காலத்தில், அவரை ஆயிரக்கணக்கானோர் காணும் திரையில் நிறுத்துவது பெருந்துணிவு. தஞ்சைப் பகுதி வைதிகர்கள் கூடி, இயக்குநரைச் சாதியிலிருந்து விலக்கினர். சாதி விலக்கம் என்பது அன்று வெறும் சொல்லன்று. விலக்கப்பட்டவர் வீட்டுத் திருமணத்திற்குப் புரோகிதர் வாரார். இறப்பிற்கு உறவினர் வாரார். பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் அரியர். இத்தகைய தண்டனைக்கு உள்ளான பின்னரும் சுப்பிரமணியம் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அவருடைய அடுத்த படம் காட்டியது.

மேலும் ஓர் அடி

1938இல் வெளிவந்த ‘சேவாசதனம்’, இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் புதினத்தைத் தழுவியது. விடுதலைப் போராட்ட வீராங்கனை எஸ். அம்புஜம்மாள் அதனைத் தமிழில் மொழிபெயர்த்திருந்தார். வரதட்சிணைக் கொடுமையால் வயது முதிர்ந்தவருக்கு மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண், கணவனின் ஐயத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். சமூகம் இழிவெனக் கருதும் வாழ்க்கைக்குத் தள்ளப்படுகிறாள். முடிவில் பிறருக்குத் தொண்டாற்றும் நிலைக்கு உயர்கிறாள். இப்படத்தின் நாயகியாக எம்.எஸ். சுப்புலட்சுமி திரைக்கு அறிமுகமானார். முதிய கணவராக நடித்த எஃப்.ஜி. நடேச ஐயர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவிய நாடகக் கலைஞர்.

வங்கத்திலும் மராட்டியத்திலும் இதே காலத்தில் சமூகப் படங்கள் எழுந்தன. புணே பிரபாத் நிறுவனத்திற்காக வி. சாந்தாராம் இயக்கிய ‘குங்கூ’ (1937) என்னும் மராத்திப் படமும், முதியவருக்கு மணம் செய்விக்கப்பட்ட இளம்பெண்ணின் எதிர்ப்பையே பேசியது. ஆகவே சுப்பிரமணியத்தின் முயற்சி தனித்த ஒன்றன்று. இந்தியத் திரையுலகில் எழுந்த ஒரு புதிய அலையின் தமிழ்க் குரலாக அதனைக் கொள்ளலாம்.

தியாகபூமி

சுப்பிரமணியத்தின் படைப்புகளுள் தலையாயது ‘தியாகபூமி’. இதனை உருவாக்கியோர் பெரும்பாலும் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர்களே என்பது கருதத்தக்கது. கதை எழுதிய கல்கி, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தவர். அதனைத் தொடராக வெளியிட்ட ஆனந்த விகடனின் அதிபர் எஸ்.எஸ். வாசன், திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். கதையின் மையமான சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன், தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர். சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும், அவளுடைய மகள் சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தனர். டி.கே. பட்டம்மாள் திரைக்காக முதன்முதலில் பாடியதும் இப்படத்திலேதான்.

நெடுங்கரை என்னும் கிராமத்தில் கதை தொடங்குகிறது. புயலும் வெள்ளமும் சேரியை அழித்தபோது, அங்குள்ள மக்களுக்குச் சம்பு சாஸ்திரி அடைக்கலம் தருகிறார். வெள்ளத்தில் தவித்தோரைக் காத்த குற்றத்திற்காக ஊரார் அவரை விலக்குகின்றனர். ‘பாலயோகினி’க்குப்பின் விலக்கத்தை நேரில் கண்ட இயக்குநர், அதே தண்டனையைத் தம் கதைமாந்தர் வழியே மக்கள் முன் வைத்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதையின் மற்றோர் இழை சாவித்திரியின் வாழ்க்கை. கணவனால் கொடுமைக்குள்ளாகிக் கைவிடப்பட்ட அவள், பின்னர்ச் செல்வம் பெற்று உமாராணி என்னும் பெயருடன் திரும்புகிறாள். தன்னோடு வாழ வருமாறு ஆணையிட வேண்டுமென்று கணவன் வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள். மனைவிக்குக் கணவன் தரும் வாழ்வுப்பொருளை, வேண்டுமானால் தானே கணவனுக்குத் தருவதாக வழக்குமன்றத்தில் கூறுகிறாள். இந்து மணமுறிவுக்குப் பொதுச்சட்டம் இல்லாத காலத்தில் எழுந்த குரல் இது. அத்தகைய சட்டம் நாடு முழுமைக்கும் 1955இல்தான் வந்தது. முடிவில் சாவித்திரி தன் இல்வாழ்வைக் காட்டிலும் நாட்டு விடுதலையைப் பெரிதெனக் கொண்டு போராட்டத்தில் இறங்குகிறாள்.

> தெரிந்து தெளிவோம்
>
> ‘தியாகபூமி’ கதை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபோது, ஓவியங்களுக்கு மாறாகத் திரைப்படத்தின் நிழற்படங்களே அதனுடன் அச்சிடப்பட்டன. கதை எழுதப்படுவதும் படம் எடுக்கப்படுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. வாரந்தோறும் இதழில் முகங்களைக் கண்டு பழகிய வாசகர்கள், படம் வெளிவந்தபோது அம்மாந்தரைத் திரையில் காணத் திரண்டனர்.

தடையும் அதன் காரணமும்

‘தியாகபூமி’ 1939ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. காதி, தீண்டாமை ஒழிப்பு, விடுதலைப் போராட்டம் ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசிய ஒரு படத்தை ஆங்கிலேயர் ஆட்சியில் எவ்வாறு வெளியிட முடிந்தது?

1918ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் தணிக்கை அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. அதனால் தணிக்கையின் பிடி தளர்ந்தது. நாட்டுப்பற்றுப் பாடல்களும் காட்சிகளும் திரையில் இடம்பெற முடிந்தது. படம் வெளிவந்த இரு மாதங்களில், 1939 ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். கோயில் நுழைவுக்கான சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. திரையில் எழுந்த கேள்வியை நாடும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியரின் இசைவைப் பெறாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து, அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. முன்னர் இசைவு பெற்று மக்கள் கண்டு மகிழ்ந்த ‘தியாகபூமி’, அதன்பின் தடைசெய்யப்பட்டது. படம் மாறவில்லை, அதனைப் பார்க்கும் அதிகாரத்தின் கண் மாறியது. தடை வரவிருப்பதை அறிந்ததும் சென்னை கெயிட்டி திரையரங்கில் இலவசமாகத் தொடர்ந்து காட்சிகள் நடத்தப்பட்டன என்றும், மக்கள் பெருந்திரளாக வந்து கண்டனர் என்றும் திரை வரலாற்றாளர் குறிப்பிடுவர்.

தடையால் இயக்குநருக்கு நேரும் இழப்பை நூலாசிரியருக்கு நேரும் இழப்போடு ஒப்பிட இயலாது. தடைசெய்யப்பட்ட நூலை ஒருவர் கையால் படியெடுத்தேனும் காக்கலாம். திரைப்படமோ அரங்கில் ஓடினால்தான் உயிர்பெறும்; ஓடினால்தான் இட்ட பொருளும் திரும்பும். ஆகவே தடை என்பது கருத்தை மட்டுமன்றி, அடுத்த படத்திற்கான முதலையும் சேர்த்தே பறிப்பதாகும்.

நெருப்பும் நிறுவனங்களும்

சுப்பிரமணியம் தம் படங்களை எடுப்பதற்கெனச் சென்னை மவுண்ட் சாலையில் மோஷன் பிக்சர் புரொடியூசர்ஸ் கம்பைன் என்னும் படப்பிடிப்பு நிலையத்தையும் நடத்திவந்தார். அந்நாளின் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தவை. எனவே திரைத்தொழிலில் நெருப்பு நீங்காத அச்சமாக இருந்தது. அவருடைய நிலையமும் தீயால் அழிவுற்றது. ஏலத்திற்கு வந்த அதனை எஸ்.எஸ். வாசன் வாங்கி, ஜெமினி ஸ்டுடியோவாக வளர்த்தார். இன்று அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தைக் கடப்போர், ஒருகாலத்தில் சுப்பிரமணியத்தின் கனவு நின்ற இடத்தையே கடக்கின்றனர்.

தடையாலும் தீயாலும் அவருடைய பணி ஓயவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அடியவரை நாயகராக்கிய ‘பக்த சேதா’ 1940இல் வெளிவந்தது. 1941இல் வெளிவந்த ‘கச்ச தேவயானி’, தஞ்சையைச் சேர்ந்த டி.ஆர். ராஜகுமாரியைப் புகழ்பெறச் செய்தது. போர்க்காலத்தில், அரசின் போர் முயற்சிக்குத் துணைநிற்கும் ‘மான சம்ரக்ஷணம்’ (1945) என்னும் படத்தையும் அவர் இயக்கினார். அரசால் தடைசெய்யப்பட்டவரே அரசுக்கு உகந்த படத்தையும் எடுத்தார் என்பது, தொழிலில் நிலைத்திருப்பதற்கும் கொள்கையில் நிலைத்திருப்பதற்கும் இடையே ஒரு கலைஞர் படும் பாட்டைக் காட்டுகிறது.

திரைத்துறையினர் தனித்தனியே நின்றால் அதிகாரத்தின் முன்னும் முதலீட்டின் முன்னும் வலுவிழப்பர் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார். 1939இல் தோன்றிய தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் உருவாக்கத்திலும், பின்னர் நடிகர் சங்கத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1942இல் நிருத்யோதயா என்னும் நடனப் பள்ளியை நிறுவினார். அவருடைய மகள் பத்மா சுப்பிரமணியம் பரதக் கலையில் உலகப்புகழ் பெற்றார். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சுப்பிரமணியம் மறைந்தார்.

இன்று எவ்வாறு காண்பது?

‘தியாகபூமி’யின் படப்படி புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் காக்கப்பட்டுள்ளது. இன்று அதனைக் காண்போருக்கு அதன் நடை மெதுவாகவும் பாடல்கள் மிகுதியாகவும் தோன்றலாம். அதனினும் முதன்மையான வேறொரு கேள்வியும் எழக்கூடும். நெடுங்கரைச் சேரி மக்கள் அப்படத்தில் அடைக்கலம் பெறுவோராகவே வருகின்றனர். அடைக்கலம் தருபவரே கதையின் நாயகர். வெள்ளத்தில் வீடிழந்தவர் தம் கதையைத் தம் வாயால் சொல்லியிருந்தால் அது எவ்வாறு அமைந்திருக்கும்? அக்கதைகளை ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த படைப்பாளிகளே எழுதியும் இயக்கியும் காட்டுவதற்குத் தமிழ்த்திரை நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்குறையைச் சுட்டுவது சுப்பிரமணியத்தின் பெருமையைக் குறைப்பதாகாது. தமக்கு உரிமையும் மதிப்பும் தந்த சமூகத்தின் குற்றத்தை, அச்சமூகத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். வெளியே நின்று குறைகூறுவதைக் காட்டிலும் உள்ளே நின்று குறைகூறுவதற்கு விலை அதிகம். அந்த விலையை அவர் ஊர் விலக்கமாகவும் அரசின் தடையாகவும் கொடுத்தார்.

இன்று கையிலுள்ள செல்பேசியிலேயே படமெடுக்கலாம். அதிலேயே படத்தொகுப்பும் செய்யலாம். சூரிய ஒளிக்காகவும் காக்கைகளின் அமைதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கருவிகள் எளியவையாகிவிட்டன. எதைச் சொல்வது, அதனால் வரும் விளைவை ஏற்க அணியமாக இருக்கிறோமா என்னும் கேள்விகள் மட்டும் எளியவையாகவில்லை. அவற்றுக்கு விடை தேடும் ஒவ்வொரு தற்சார்புப் படைப்பாளிக்கும் பாபநாசத்தில் பிறந்த அக்கலைஞர் முன்னோடியாவார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் திரைப்படமாக்கத்தக்க சமூகச் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, ஐந்து நிமிடக் குறும்படத்திற்கான கதைச்சுருக்கம் எழுதுக.
2. ‘தியாகபூமி’யின் வெள்ளக் காட்சியைச் சேரியில் வாழும் ஒருவரின் பார்வையில் கதையாக எழுதி வகுப்பறையில் படிக்க.
3. “படைப்புக்குத் தணிக்கை தேவையா?” என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.